வாசலில் தொங்கிய கிழங்கு

காலை ஏழு மணி ஐந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது எலுமிச்சம்பழம். இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி, தட்டையான ஒரு பாறைமேல் வைத்திருந்தார்கள். வெயிலில் காய்ந்து அதன் ஓரங்கள் சுருண்டிருந்தன. பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். கற்பூரம் எரிந்த தடம். அதற்குப் பிறகுதான் குழியைப் பார்த்தேன்.

ஒரு குடம் இறங்கும் அளவுக்குக் குழி. தோண்டியவர் கடப்பாரை போடவில்லை. சிறிய கரண்டியாலும் கையாலும் மண்ணை வழித்து எடுத்து, ஒரு பக்கமாகக் குவித்திருந்தார். செடியைச் சுற்றி நாங்கள் போட்டிருந்த கம்பி வலைக் கூண்டும் உடைபடவில்லை. கட்டுகளைப் பிரித்து, கட்டுக்கம்பியைச் சுருட்டிக் கூண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அடியில் அறுக்கப்பட்ட கொடி பாறையில் கிடந்தது. அதில் இருந்த காய்கள் பழுக்காமலே வதங்கியிருந்தன.

மேற்கு டெக்சாஸில், சிவாவா பாலைவனத்தின் நடுவே எழும் ஒரு மலைத்தொடரின் சரிவு அது. நான் குடியிருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு பகல் பயணம். அன்று மூன்று பேர் அங்கே நின்றிருந்தோம். நான், தாவர ஆய்வாளரான ஒரு கோபிசெட்டிபாளையத்துப் பெண், அந்த நிலத்தைப் பராமரிக்கும் அமெரிக்கக் காவலர்.

காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு எலுமிச்சையைக் குனிந்து பார்த்தார். எல்லை தாண்டி வருகிறவர்கள் யாராவது ஒரு புனிதருக்குப் பூசை செய்திருக்கலாம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, சூனியமாக இருக்குமோ என்றும் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, உங்களுக்கு ஏதாவது புரிகிறதா என்றார்.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னாள். “அக்கா, கொஞ்ச நேரம் வாயத் தொறக்காதீங்க.”

என்ன சொல்கிறாள் என்று காவலர் கேட்டார். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றாள் அவள், ஆங்கிலத்தில்.

நான் ஊரில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தவள். கணவரின் வேலைக்காக இங்கே வந்தபோது கிடைத்த விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் இல்லாமல் பார்க்கலாம். அப்படித்தான் இந்தத் தாவரக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஆய்வாளர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தப் பணியில் இருந்தாள். ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிகிறது. அது நீண்டால்தான் அவளுடைய விசாவும் நீளும்.

தூரத்திலிருந்து பார்த்தால் அந்த மலையில் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். அடிவாரத்தில் கள்ளியும் முள்ளும். கத்தி நுனி போன்ற இலைகளோடு தரையை மூடிக் கிடக்கும் கற்றாழைகள். ஏற ஏற, ஒவ்வொரு திருப்பத்திலும் செடி மாறும். வெயில் படாத பள்ளங்களில் பெரணி இருக்கும். இன்னும் மேலே ஓக் மரங்கள், ஜூனிப்பர் மரங்கள். உச்சியில் இருக்கும் செடிகள் கீழே இறங்கி அடுத்த மலைக்குப் போக முடியாது, நடுவில் பாலைவனம். அவற்றுக்கு அந்த மலை ஒரு தீவு. வெப்பம் கூடினால் மேலே ஏறும், உச்சிக்கு மேல் ஏற இடம் கிடையாது. முந்தைய ஆண்டு பச்சையாக இருந்த ஓக் மரங்கள் பல, அந்த ஆண்டு சாம்பல் நிறத்தில் நின்றன. காவலர் முன்பெல்லாம் அவற்றைக் கை நீட்டிக் காட்டுவார். பிறகு காட்டுவதை விட்டுவிட்டார்.

தோண்டப்பட்டது வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. மண்ணுக்குள் சாம்பல் நிறக் கிழங்கு இருக்கும். மழை இல்லாத காலத்தில் கொடி காய்ந்துவிடும். கிழங்கு காத்திருந்து, மழை விழுந்ததும் துளிர்க்கும். இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காய்ப்பது பெண் மட்டும். இந்த ஓடையில் இருந்த கொடிகளின் இலை மற்ற இடங்களில் இருப்பதைப்போல இல்லை. இது தனி வகையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் நினைத்தாள். அதை நிறுவ விதை வேண்டும். விதை வங்கியில் வைத்துக் காப்பாற்றவும் விதை வேண்டும். இரண்டு கோடைகள் ஓடை ஓடையாக ஏறி இறங்கியதில் அவளுக்குக் கிடைத்தவை நான்கே கொடிகள். மூன்று ஆண், ஒன்று பெண். முதல் கோடையில் காய்கள் பழுப்பதற்குள் காட்டுப்பன்றி மாதிரியான ஒரு விலங்கு தின்றுவிட்டது. அதனால்தான் கூண்டு. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் இந்தக் காய்கள் சிவந்திருக்கும்.

திரும்பும் வழியில் அவள்தான் டிரைவ் பண்ணினாள்.

“நம்ம ஆளுங்கதாங்க்கா,” என்றாள். “நானே சொல்லிக் குடுத்துப்போட்டேன்.”

அவள் சொன்னது குளிர்காலத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி. அவள் பாலைவனச் செடிகளைத் திரையில் காட்டிப் பேசினாள். வந்தவர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் எப்போது பீட்சா வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது இந்தக் கிழங்கின் படம் வந்தது. இது நம்ம ஊர் ஆகாசகருடன் கிழங்குக்குச் சொந்தக்காரன் என்று அவள் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆகாசகருடன் கிழங்குக்கு மஞ்சளும் குங்குமமும் பூசி, கறுப்புக் கயிற்றில் வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அது காற்றிலேயே துளிர்க்கும். துளிர்த்தால் வீட்டுக்கு நல்லது. வாடினால், வீட்டுக்கு வந்த திருஷ்டியைத் தன்மேல் வாங்கிக்கொண்டது என்பார்கள்.

“இங்கேயே கிடைக்குதா?” என்று ஓர் ஆன்ட்டி எழுந்து கேட்டார்.

“கெடைக்குதுங்க ஆன்ட்டி. ஆனா தொட்டா போலீசு வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் சிலர் மலைக்கு வந்து உதவுவதாகப் பெயர் கொடுத்தார்கள். சொன்னபடி விடாமல் வந்தவர் ஒருவர்தான். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கியவர், மின்பொறியாளர். நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம். தண்ணீர்க் கேன்களை அவர்தான் சுமப்பார். “எங்க ஊர்க்காரன் எவனாச்சும் இதப் பாத்தா என்ன நெனப்பான்? அமெரிக்காவுல போயி தண்ணி தூக்குறான்னு கல்யாணத்துல பேசுவான்,” என்று மூச்சு வாங்கச் சிரிப்பார். கூண்டைக் கட்டியவரும் அவர்தான். விலங்கின் மூக்கில் குத்தக் கூடாது என்று கம்பியின் முனைகளை உள்பக்கமாக மடக்கி முறுக்கினார். மிச்சக் கம்பியை வட்டமாகச் சுருட்டி, வால்முனையை நடுவில் இறுக்கிச் சுற்றிப் பைக்குள் வைத்தார். கேபிள் வேலை பார்ப்பவர்கள் சுருட்டும் விதம்.

“கம்பியச் சுருட்டி வச்சிருந்ததப் பாத்தியா?” என்று கேட்டேன்.

“பாத்தேங்க்கா.”

அங்கிளின் மகன் வசந்தகாலத்தில் ஃப்ரீவேயில் விபத்துக்குள்ளாகி, அதுவரை கண் திறக்காமல் ஐசியூவில் கிடந்தான். கல்லூரியில் கடைசி ஆண்டு. விபத்து நடந்ததிலிருந்து அங்கிள் மலைக்கு வரவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அந்த வீட்டுக்கு எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தன. அந்த வாரம் வியாழக்கிழமை என் முறை. ரசம், பீன்ஸ் பொரியல், தயிர்சாதம். காரை நிறுத்திவிட்டுப் பாத்திரங்களோடு வாசலுக்குப் போனேன். அழைப்புமணியில் கேமரா. நிலைக்கு மேலே பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். தோரணத்துக்குக் கீழே, கறுப்புக் கயிற்றில் கிழங்கு தொங்கியது. சின்னத் தேங்காய் அளவு. மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். கயிறு நழுவாமல் இருக்கத் தலைப்பகுதியில் ஓர் இரும்புக் கொக்கியைத் திருகி இறக்கியிருந்தார்கள்.

அங்கிளின் மனைவியான ஆன்ட்டி கதவைத் திறந்தார். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

“அங்கிள் மலையில இருந்து எடுத்தாந்தாரு,” என்றார். குரலில் மறைப்பு இல்லை. “டாக்டர் எங்கள உக்கார வச்சு, மெஷின எடுத்துரலாமான்னு கேட்டாரும்மா. அன்னிக்குக் காலையில காரை எடுத்துட்டுப் போனவருதான், மறுநாள் இதோட வந்தாரு. கட்டுன மூணாம் நாளு புள்ள வெரல அசைச்சிட்டான்.”

பாத்திரங்களை வாங்கிக்கொண்டார். “புது வீடு கட்டுனோம், ஊரையே கூப்பிட்டோம். அத்தன பேரும் வாயப் பொளந்து பாத்துட்டுப் போனாங்க. கண்ணு பட்ருச்சு. வேற என்னத்தச் சொல்ல?”

அந்தப் புதுமனைப் புகுவிழாவுக்கு நானும் போயிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆய்வாளரை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். அங்கிள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் வயதுக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை.

“சாமி கும்பிட்டுத்தாம்மா எடுத்தேன். மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் தோண்டுனேன்,” என்றார். “ஒண்ணே ஒண்ணு. மத்ததத் தொடல. பக்கத்துலதான் இன்னும் இருக்கே.”

“அங்கிள், மத்த மூணும் ஆணுங்க.”

அவருக்கு உடனே விளங்கவில்லை. அவள் மீண்டும் சொன்னாள், கொஞ்சம் மெதுவாக. கூட்டத்தில் சொன்னதையே சொன்னாள். பெண் ஒன்றுதான், விதை அதில்தான். அங்கிள் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“அதுலதான் காய் இருந்துச்சு. காய்ச்சதுக்குத்தான் சக்தி ஜாஸ்தின்னு பாத்து எடுத்தேன்,” என்றார்.

கிழங்கை எடுத்துக்கொண்டுபோய்ப் பசுமைக்குடிலில் வைத்தால் அடுத்த ஆண்டு துளிர்க்கலாம், பிறகு மலையில் நட்டுவிடலாம், என்று அவள் சொன்னாள். அங்கிள் சரி என்று தலையை ஆட்டினார். ஆன்ட்டி சமையலறையிலிருந்து காப்பித் தட்டோடு வந்து, தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

“இந்தாம்மா, நீ படிச்ச புள்ள. எனக்கு ஒண்ணும் தெரியாது. எம்புள்ள இந்த வாசல் வழியா உள்ள வரட்டும். அன்னிக்கு நானே கழட்டி உங்கையில தாரேன். அதுவரைக்கும் யாரும் அதத் தொடக் கூடாது.”

“நீ சும்மா இரு,” என்றார் அங்கிள்.

“நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? கட்டுனத அவுத்து, நாளைக்கு அங்க ஏதாச்சும் ஒண்ணுன்னா, நீங்க பதில் சொல்வீங்களா? இந்தப் புள்ள சொல்லுமா?”

காப்பியைக் குடித்தோம். கிளம்பும்போது ஆய்வாளர் வாசலில் நின்று கிழங்கை அண்ணாந்து பார்த்தாள், கொக்கி இறங்கியிருந்த இடத்தைப் பார்த்தாள். “ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணு. தண்ணி மட்டும் தெளிக்காதீங்க. காய்ஞ்சே கெடக்கட்டும்,” என்றாள். ஆன்ட்டி சரி என்றார்.

காரில் உட்கார்ந்ததும் கேட்டேன். “காவலர்கிட்டச் சொல்லப் போறியா?”

“சொன்னா கேசு ஆயிருங்க்கா. கெழங்க எவிடென்சுன்னு ஒரு கவருல போட்டு எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் அது கவருலயே கெடக்கும்.” சாவியைப் போட்டவள் திருகவில்லை. “இது பொழச்சுக்குங்க்கா. வருசக்கணக்குல தண்ணியில்லாமக் கெடக்கற சாதி. தொங்க விட்டுட்டு அவிய மறந்துபோனாப் போதும்.”

அறுத்துப் போட்டிருந்த கொடியில் ஒரு துண்டை அவள் குழியைப் பார்த்த அன்றைக்கே ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். வேர் பிடிக்குமா என்று பார்த்தாள். பிடிக்கவில்லை. பச்சைக் காய்களைப் பிளந்ததில் உள்ளே வெள்ளையாக, தட்டையாக, முற்றாத விதைகள் இருந்தன.

ஆன்ட்டி மறக்கவில்லை. என் அடுத்த முறைக்குப் போனபோது கிழங்கின் மஞ்சள் புதிதாக இருந்தது. அடியில் ஒரு சொட்டு வெள்ளையாகத் திரண்டு நின்றது. ரவுண்ட் ராக்கில் ஆகஸ்ட் மாதத்துக் காற்று மலைக்காற்றுபோல் இல்லை, ஈரமும் புழுக்கமும் கலந்தது.

“தண்ணி தெளிக்காதீங்கன்னு சொன்னாளே, ஆன்ட்டி.”

“தண்ணி எங்கம்மா தெளிச்சேன்? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாலும் பன்னீரும்தான்.”

ஆய்வாளருக்குப் போன் செய்து சொன்னேன். நேரில் போய் எடுத்துச் சொல்வதாகச் சொன்னாள். போனாள். அன்று காலையில் மகனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. ஆன்ட்டி பூசையறையை விட்டு வெளியே வரவில்லை. அவள் வாசலிலேயே அங்கிளிடம் பேசிவிட்டுத் திரும்பினாள். அங்கிள் தன் மனைவியிடம் பேசினாரா என்று தெரியாது. பால் நிற்கவில்லை.

செப்டம்பரில் மகன் ஐசியூவிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றப்பட்டான். கண் திறந்தான், ஆட்களை அடையாளம் கண்டான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அதே மாதம் கிழங்கின் தோல் ஒரு பக்கம் கறுத்தது. நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு மாலையில், பள்ளிவிட்டு வந்த அங்கிளின் மகள் வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மா, இட்ஸ் டெட். இட் ஸ்மெல்ஸ்.”

“வாய மூடுடி,” என்றார் ஆன்ட்டி. “அது செத்தாலும் பரவால்ல. அவனுக்குப் பதிலாத்தான் போகுது.”

அக்டோபர் கடைசியில் மகன் வீட்டுக்கு வந்தான். அக்கம்பக்கத்தில் எல்லா வாசல்களிலும் ஹாலோவீன் எலும்புக்கூடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆன்ட்டி ஆரத்தித் தட்டோடு முன்வாசலில் காத்திருந்தார். முன்வாசலுக்கு இரண்டு படிகள். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பலகை இன்னும் போடவில்லை. வேனிலிருந்து இறக்கிய ஆட்கள் யாரையும் கேட்காமல், திறந்திருந்த கராஜ் வழியாக அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஆன்ட்டி தட்டை ஏந்தியபடியே வீட்டுக்குள் ஓடினார். ஆரத்தி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் எடுக்கப்பட்டது.

அன்று மாலையே கிழங்கைக் கழற்றிவிட்டதாக அங்கிள் ஆய்வாளருக்குச் செய்தி அனுப்பினார். ஒரு எவர்சில்வர் டப்பாவில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். அவள் அதைக் கராஜிலேயே, ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்துக் கத்தியால் பிளந்தாள். கொக்கி இறங்கிய துளையிலிருந்து அடிவரை பழுப்பாகக் கூழாகியிருந்தது. புளித்த பால் வாசனை. தோலை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் விரல் கனத்துக்குக் கெட்டியாக இருந்தது. அதை அறுத்து, தோலோடு எடுத்துத் தனியாகச் சுற்றிக்கொண்டாள். அங்கிள் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்திருந்தார்.

“அதுல வருமாம்மா?”

“பாக்கலாங்க அங்கிள்.”

உலர்ந்த மணலில் வைத்துப் பார்த்தாள். நவம்பரில் அதில் பூஞ்சை பிடித்தது. பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. விதை ஏதும் கையில் இல்லாததால், அந்தக் கொடிகள் தனி வகையா இல்லையா என்பதை அவளால் முடிவாக எழுத முடியவில்லை. டிசம்பரில் நானும் என் கணவரும் அவளை விமான நிலையத்தில் விட்டோம். இப்போது கோயம்புத்தூரில் ஒரு விதை நிறுவனத்தில், மக்காச்சோளப் பிரிவில் இருக்கிறாள். தோண்டியது யார் என்று காவலர் அதன்பின் கேட்கவில்லை. ஓடைக்கு வரும் பாதையில் ஒரு கேமராவைப் பொருத்தினார்.

அடுத்த கோடையில் நல்ல மழை. மலைக்குப் போகிறேன் என்று அங்கிளிடம் சொன்னேன். தானும் வருவதாகச் சொன்னார். வழியில், மகனுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருபவரைப் பற்றி, வீட்டில் அகலப்படுத்திய கதவுகளைப் பற்றி ஓரிரண்டு வாக்கியம் சொன்னார். மலையடிவாரத்தில் இறங்கியதும் நான் தடுத்தும் கேளாமல் இரண்டு தண்ணீர்க் கேன்களை எடுத்துக்கொண்டார்.

ஓடையில் மூன்று நாள் தேடினோம். கீழ்ப்பக்கத்துப் புதர்களையும் முன்பு ஏறாத இரண்டு கிளை ஓடைகளையும் பார்த்தோம். ஒவ்வொரு கொடியையும் கண்டதும் அங்கிள் முழங்காலிட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பூவின் கீழே காயின் உருண்டை இருக்கிறதா என்று பார்த்தார். பெண் பூவுக்கு அதுதான் அடையாளம் என்று ஆய்வாளர் போனில் சொல்லியிருந்தாள். அவர் கண்டவை எல்லாம் நாங்கள் அறிந்த கொடிகளே.

“எங்கயாச்சும் இருக்கும்லம்மா?” என்றார் கடைசி நாள்.

பழைய குழி மழையில் பாதி தூர்ந்திருந்தது. எலுமிச்சை இல்லை. கற்பூரத் தடத்தை மழை கழுவியிருந்தது. அங்கிள் காலிக் கூண்டைத் தூக்கிப் பார்த்து, சுருட்டி வைத்திருந்த கம்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுமந்து வந்த தண்ணீரை மூன்று கொடிகளின் அடியிலும் ஊற்றினார்.

அந்தக் கோடையில் ஆண் கொடிகள் மூன்றும் பூத்தன.